நீவாடு குடிக்கும் எரிபொருள்: உவரிப் பக்கம் படகு எடுக்கும் புதியவர்களுக்கு

போகும்போது நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தள்ளிவிட்டால் வரும்போது எதிர்க்கும், இரண்டும் கழிந்துவிடும் என்றுதான் முதல்நாள் நானும் நினைத்தேன். திரும்பும் வழியில் கேன் வறண்டுவிட்டது. பக்கத்துப் படகு அண்ணாச்சி கொடுத்த 5 லிட்டரில்தான் உவரிக் கரையைப் பிடித்தேன்.

முதலில் அதை அளந்துகொள்ளுங்கள். என்ஜினை ஒரே நிதானத்தில் வைத்து, நீரோட்டத்தோடு சிறிது தூரம், பிறகு அதே கோட்டில் எதிர்த்துச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரைக்கணக்கு வேகம், அதாவது நீவாடும் சேர்ந்த வேகம். ஒரு பக்கம் மணிக்கு 15 கி.மீ., மறுபக்கம் 9 கி.மீ. என்று காட்டினால், இரண்டின் சராசரியான 12 படகின் சொந்த வேகம். வித்தியாசத்தில் பாதியான 3 நீவாட்டின் வேகம். என்ஜினை அணைத்து மிதந்தும் பார்க்கலாம், ஆனால் அதில் காற்றும் கலந்துவிடும்.

அடுத்தது கணக்கு. அதே படகு மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது, போக வேண்டிய தூரம் 18 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் அசையாமல் கிடந்தால் போக, வர மூன்று மணி நேரம், 12 லிட்டர். நீவாடு பலத்து 6 கி.மீ. ஆகிவிட்டால், போவது ஒரே மணி நேரம், 4 லிட்டர். வருவதோ மூன்று மணி நேரம், 12 லிட்டர். தண்ணீர் உதவுவது ஒரு மணி நேரம், மல்லுக்கட்டுவது மூன்று மணி நேரம். பிறகு எப்படிக் கழியும்? கூடுதலாகப் போன 4 லிட்டர்கூடப் பெரிதில்லை. 12 லிட்டரோடு கிளம்பியவன் போய்ச்சேர்ந்ததும் கேனைப் பார்த்து, இன்னும் 8 லிட்டர் கிடக்கிறதே என்று தெம்பாக இருப்பான். அந்தத் தெம்புதான் ஆபத்து.

ஆகவே, தொழிலுக்குப் போகும் திசை உங்கள் கையில் இருந்தால் எதிர்நீவாட்டில் கிளம்புங்கள். திரும்பும்போது தண்ணீரே தள்ளிக்கொண்டு வந்து விடும். எரிபொருளை மிச்சம் பிடிக்க நினைத்து எதிரோட்டத்தில் என்ஜினை மிகவும் குறைக்காதீர்கள். படகின் வேகமும் நீவாடும் சமமானால் எரிபொருள் தீரும், படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

பக்கவாட்டு நீவாட்டில் உவரிக் கரையில் இருக்கும் கப்பல் மாதா கோவிலை மட்டும் குறிவைத்து வந்தால், படகு வில்லாக வளைந்து தூரம் கூடும். கோவிலையும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு மரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் விலகினால், அது விலகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முகப்பைத் திருப்புங்கள்.

பலரும் மறப்பது வலை விட்டு மிதக்கும் நேரத்தை. என்ஜின் ஓடவில்லை, செலவும் இல்லை என்று தோன்றும். 3 கி.மீ. நீவாட்டில் இரண்டு மணி நேரம் மிதந்தால் 6 கி.மீ. தள்ளிப்போயிருப்பீர்கள். அதை எதிர்த்துத் திரும்ப 40 நிமிடம், ஏறக்குறைய 2.7 லிட்டர். வலை விட்ட இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு மிதங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) நிலையத்தின் நீரோட்ட முன்னறிவிப்பைக் கரையிலேயே பார்த்துவிட்டு, அதற்கேற்ற கேனை ஏற்றுங்கள்.