மலையில் வளரிளம் பருவத்தினரிடம் செல்போன் வழி ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூனில் பள்ளி திறந்ததும் டேப்லெட்டும் கேள்வித்தாளுமாகப் புது ஆய்வுக் குழுக்கள் நீலகிரியின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் ஏறி வருகின்றன. 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் ரத்தசோகை, மாதவிடாய், மன அழுத்தம் என்று தலைப்பு எதுவானாலும், தீர்வு ஒரு செயலி அல்லது வாட்ஸ்அப் செய்தி. உழைக்கிற பிள்ளைகள்தான். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். சார்ஜர் மறக்காதே, படிவத்தைச் சரிபார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நம்பர் கிடைத்தால் பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று நினைப்பது

எனக்கு இன்னும் கோபம் வருகிற தவறு இது. பதிவேட்டில் மாணவியின் பெயர், பக்கத்தில் ஒரு செல்போன் எண். அந்த எண் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நடந்தது. ஒரு குழு ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்களுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தி அனுப்பியது. "இந்த மாதம் தள்ளிப்போனதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2." அந்த நேரத்தில் போன் இருந்தது மாமாவின் கையில். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் ஒரு அறையில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எல்லோருக்கும் போகிற பொதுவான கேள்வி என்று அந்தப் பெண் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை. சில நாள் பள்ளிக்கூடமே அனுப்பவில்லை. அம்மா ஆய்விலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார், அப்புறம் அந்த லயனில் ஒரு வீடும் எங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை, தடுப்பூசி போடப் போன கிராம சுகாதார செவிலியர்கூட அங்கே நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. குழுவின் அறிக்கையில் இதெல்லாம் "பின்தொடர முடியாதவர்கள்" என்கிற ஒற்றை வரி.

14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுத்த அசர் (ASER, கல்வி நிலை பற்றிய கள ஆய்வு) 2023 ஆய்வைப் பாருங்கள். ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம்தான். இங்கே அதோடு இன்னும் சில சங்கடங்கள் சேரும்: பகலில் போன் இலை பறிக்கப் போகும் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விடும், மேட்டுக்கு ஏறினால்தான் டவர் கிடைக்கும், ரீசார்ஜ் தீர்ந்துவிட்டால் சம்பளம் வரும்வரை அந்த எண் வேலை செய்யாது. நீல டிக் விழுந்தால் யாரோ திறந்தார்கள் என்றுதான் அர்த்தம். 1 அழுத்தியது அண்ணனா தங்கையா என்று தெரியாத தரவை வைத்து செயலி பலன் தந்தது என்று எப்படி எழுத முடியும்?

சேர்க்கும்போதே பிள்ளையைத் தனியாக வைத்துக் கேளுங்கள்: போன் யாருடையது, எந்த நேரம் உன் கையில் இருக்கும், வேறு யார் எடுத்துப் பார்ப்பார்கள், செய்தி வந்தால் உனக்குத் தொந்தரவா? நேரத்தை அவளே சொல்லட்டும். வீட்டில் யார் வாசித்தாலும் பாதகமில்லாத செய்தியை மட்டும் அனுப்புங்கள். அந்தரங்கமான கேள்விகளைப் பள்ளியில், ஹைடெக் லேபில், பக்கத்தில் ஆள் இல்லாமல் கேட்கலாம். போனே வேண்டாம் என்கிற பிள்ளைக்கும் ஆய்வில் இடம் இருக்கட்டும்.

ஒப்புதல்

பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

ஊட்டியில் சமவெளிக் கணக்கு

உயரம் ஏற ஏற ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, 2,000 முதல் 2,499 மீட்டர் வரை உயரத்தில் அளந்த அளவிலிருந்து டெசிலிட்டருக்கு 1.4 கிராம் கழிக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே 15 வயதுப் பெண்ணுக்கு 12.6 வந்தால் 12ஐத் தாண்டிவிட்டது, ஆரோக்கியம் என்று எழுதிவிடுகிறார்கள். கழித்தால் 11.2, அது ரத்தசோகை. கூடலூரில் கழிக்க வேண்டியது 0.8தான், அதனால் இரண்டு ஊரையும் கழிக்காமல் ஒப்பிட்டால் செயலியின் பலன் எது, மலையின் பலன் எது என்றே தெரியாது. இன்னொன்று, கூடலூர்ப் பக்கம் அளவு குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு முடித்துவிடாதீர்கள், பரம்பரை ரத்தக் கோளாறான அரிவாள் செல் நோயாகவும் இருக்கலாம். இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல்.

ஒரே வகுப்பைப் பாதியாகப் பிரிப்பது

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு மட்டும் செயலி கொடுத்தால், கிடைத்தவள் கிடைக்காதவளுக்கு இடைவேளையில் காட்டிவிடுவாள். பள்ளி பள்ளியாகப் பிரியுங்கள். ஆனால் அப்போது எண்ணிக்கைக் கணக்கு மாறும்: பள்ளிக்கு 40 பேர், உள்ளொற்றுமை (ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.05 என்றால் தேவையான ஆட்கள் 2.95 மடங்கு. 400 பேரைச் சேர்த்தாலும் சுமார் 136 பேருக்கான பலம்தான்.

கேள்வித்தாளைச் சென்னையிலேயே முடிப்பது

படுகர்களின் கிராமமான ஹட்டி, பணியர் பழங்குடியினரின் ஊர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் லயன்: ஒவ்வொன்றிலும் பேச்சு வேறு. மூன்றிலும் வாசித்துக் காட்டிவிட்டு அச்சடியுங்கள்.

ஒன்பதாவது கேள்வி

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. பிள்ளை ஆம் என்று அழுத்துகிறாள், பதில் சர்வரில் கிடக்கிறது, மூன்று மாதம் கழித்து ஒருவர் எக்செல்லில் பார்க்கிறார். இப்படி நடக்கவே கூடாது. அன்றன்றைக்கே பதில்களைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐத் திரையில் காட்டுங்கள், ஆனால் டவர் இல்லாத ஊரில் அது மட்டும் போதாது, அன்றைக்கே நேரில் போகக்கூடியவர் யார், எந்த மருத்துவரிடம் கூட்டிப் போவார் என்பதை எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.