நோட்டை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள்
மலையாள வகுப்பு தொடங்கியதும் பழைய பாடத்தைத் திரும்ப வாசிக்க வைக்காதீர்கள். நோட்டை மூடச் சொல்லி, முந்தாநாள் படித்த ஐந்து மலையாளச் சொற்களையும் பொருளையும் நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். மூன்றே நிமிடம், நோட்டின் கடைசிப் பக்கம் போதும்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ரொம்பவே தேவை. மலையாளத்தை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடிவைத்துக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்: ‘வெள்ளம்’ என்றால் ஆற்றில் வருவது என்று எழுதுவார்கள், மலையாளத்தில் அது சாதாரணத் தண்ணீர். ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. (இதற்கு வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும்.)

எழுதியதும் நோட்டைத் திறந்து அவர்களே திருத்த வேண்டும். விட்டால் தப்பே மனதில் தங்கிவிடும். மதிப்பெண் வேண்டாம். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைகளுக்கும், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்ட சொற்களுக்கும் இது சரிப்படாது.