வைட்டமின் டி மாத்திரையை எப்போது போடுவது?

வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு போடுங்கள். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். சோற்றில் விட்ட ஒரு ஸ்பூன் நெய்யோ, ஒரு முட்டையோ வயிற்றில் இருந்தால் பித்தநீர் சுரந்து மருந்து நன்றாகச் சேரும். காலையில் வரக்காப்பியோடு விழுங்கினால் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு வீண்.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது கொழுப்புத் திசுவிலேயே தங்கிவிடுவதால் ரத்தத்தில் அளவு மெதுவாகத்தான் ஏறும். டோஸைக் கூட்டுவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். அப்புறம், சர்க்கரை நோய் வராமல் தடுக்கும் என்று நம்பி இதை வாங்க வேண்டாம். 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்தும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

நீரில் கலக்கும்படி தயாரித்த நானோ திரவ மருந்துக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சிறுநீரகக் கல்லோ, ரத்தத்தில் கால்சியம் அதிகமோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் டி-யை எந்த வடிவிலும் தொடவே வேண்டாம். வார மாத்திரையை மறந்துபோய்த் தினமும் போட்டுவிடாதீர்கள், கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.