பந்தயத்துக்குப் பறக்கும் முன்: நெடுந்தூர ஓட்டக்காரரின் பயணத் திட்டம்

1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடுவதற்காக ஜப்பானிலிருந்து புறப்பட்ட ஷிசோ கனகுரி, கப்பலிலும் சைபீரியாவைக் கடக்கும் ரயிலிலுமாக ஏறத்தாழ 18 நாட்கள் பயணம் செய்தார். கொளுத்தும் வெயிலில் நடந்த அந்தப் பந்தயத்தை அவரால் முடிக்க இயலவில்லை. இன்றைய தொழில்முறை ஓட்டக்காரர் அதே தொலைவை ஒரே நாளில் கடந்துவிடுகிறார், ஆனால் அவருடைய தூக்கமும் பசியும் உடல் வெப்பமும் விமானத்தின் வேகத்தில் வந்து சேர்வதில்லை. ஆகவே, பயண நாட்களையும் பயிற்சி அட்டவணைக்குள்ளேயே எழுத வேண்டும். அவற்றின் செலவைக் கிலோமீட்டரில் அல்லாமல் இழக்கப்போகும் தூக்கத்தில் கணக்கிட வேண்டும்.

பயணம் ஓட்டத்தைக் கெடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல திட்டங்கள் பிழைக்கின்றன. முதலாவது பயணக் களைப்பு: நெடுநேரம் உட்கார்ந்திருப்பது, உலர்ந்த காற்று, தவறிய சாப்பாடு, வரிசையில் நின்ற கால்கள். நைரோபியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்பவருக்கு நேர வேறுபாடு ஒரு மணிதான் என்றாலும் இந்தக் களைப்பு அவருக்கும் வரும். ஓரிரு இரவுகள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். இரண்டாவது, நேர மண்டலங்களைக் கடப்பதால் உண்டாகும் ஜெட் லேக். இது ஓய்வால் மட்டும் தீராது. உடல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகரும். பெரும்பாலானோருக்கு அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக இருப்பதால், நாளை நீட்டுகிற மேற்குப் பயணத்தைவிட நாளைச் சுருக்குகிற கிழக்குப் பயணமே கடினமாக இருக்கும்.

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன், பந்தயம் தொடங்கும் நேரத்தைச் சொந்த ஊர்க் கடிகாரத்தில் எழுதிப் பாருங்கள். கென்யாவில் பயிற்சி செய்பவர் டோக்கியோவில் காலை 9 மணிக்குத் தொடக்கக் கோட்டில் நிற்கிறார் என்றால், பழகாத அவருடைய உடலுக்கு அப்போது அதிகாலை 3 மணி. உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, குடலும் மந்தமாகக் கிடக்கும் நேரம் அது. அதே ஓட்டக்காரர் அக்டோபரில் சிகாகோவில் காலை 7.30 மணிக்கு ஓடத் தொடங்கும்போது அவருடைய உடலுக்குப் பிற்பகல் 3.30 மணி, ஓடுவதற்கு மிகவும் ஏற்ற பொழுது. சிகாகோவுக்கான 8 மணி நேர வேறுபாடு டோக்கியோவுக்கான 6 மணி நேரத்தைவிடப் பெரியதுதான், ஆனாலும் பந்தயக் காலையில் சிறியதே அதிகம் வலிக்கும். டோக்கியோவுக்கு ஒரு வாரம் முன்பே செல்லுங்கள். இயலாவிட்டால், புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களில் நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்து, முன்னதாக எழுந்து, எழுந்தவுடன் வெளிச்சத்தில் இருங்கள். சிகாகோவுக்குச் சற்றுத் தாமதமாகச் சென்றாலும் பாதகமில்லை, அங்கே காக்க வேண்டியது இரவுத் தூக்கத்தைத்தான்.

உடல் கடிகாரத்தை நகர்த்துவதில் வெளிச்சத்துக்கு இணையான கருவி வேறில்லை. ஆனால் தவறான நேரத்தில் பட்ட வெளிச்சம் கடிகாரத்தைத் தவறான திசையில் தள்ளும் என்பதைப் பலர் அறிவதில்லை. உடல் வெப்பம் மிகக் குறையும் தருணம், வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் முன்பு வருகிறது. அதற்குப் பின் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன் படுவது பின்னுக்குத் தள்ளும். ஊரில் காலை ஐந்தரை மணிக்கு விழிக்கும் கென்ய ஓட்டக்காரருக்கு அந்தத் தருணம் அதிகாலை 3 மணி என்று கொண்டால், டோக்கியோவில் அது காலை 9 மணி. அங்கு இறங்கிய மறுநாள், பழக்கதோஷத்தில் காலை 6 மணிக்கே மெல்லோட்டத்துக்குக் கிளம்புபவர் தம் உடலைக் கிழக்கே கொண்டுவருவதற்குப் பதிலாக மேற்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார். முதல் நாளில் 9 மணி வரை திரையை இழுத்துவிட்டு அறைக்குள் இருங்கள், வெளியே போக நேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். அதன்பின் வெயிலில் ஓடுங்கள். இந்த எல்லையை ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவரலாம். விடியற்காலை ஓட்டத்தை நோன்பு போல் கடைப்பிடிப்பவர்களிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது எளிதன்று, எனினும் சொல்லத்தான் வேண்டும்.

மேற்கே சென்றவர் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியதும் விழித்துக்கொள்வார். அப்போது கைபேசியைத் தொடாமல், விளக்கைப் போடாமல், இருட்டிலேயே படுத்திருப்பது நல்லது. தூக்கம் வராவிட்டாலும் வெளிச்சம் படாதது லாபமே. பகலில் கண் செருகினால் அரை மணி நேரத்துக்கு மேல் உறங்கக் கூடாது. தூக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலட்டோனின் மாத்திரை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் சில நாடுகளில் அது மருத்துவர் சீட்டுடன் மட்டுமே கிடைக்கும், துணை உணவாக விற்கப்படுபவற்றில் வேறு பொருள் கலந்திருக்கும் அபாயமும் உண்டு. ஆகவே அணி மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஒத்ததாகவும், ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருக்கும். தாகத்துக்கேற்பத் தண்ணீர் குடியுங்கள், குடம் குடமாகக் குடிக்க வேண்டியதில்லை. நடைபாதை ஓர இருக்கையில் அமர்ந்து மணிக்கொருமுறை எழுந்து நடப்பது, கணுக்கால்களைச் சுழற்றுவது, அழுத்தக் காலுறை அணிவது ஆகியவை கால் வீக்கத்தைக் குறைக்கும். கடினமான பயிற்சியைப் புறப்படும் நாளில் வைக்காதீர்கள்; தரையிறங்கிய முதல் இரண்டு நாட்களிலும் மெல்லோட்டமே போதும்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலாவுக்குப் புதிய காலணி சரியாகப் பொருந்தவில்லை. வெறுங்காலுடன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மாரத்தானை வென்றார். அவரால் முடிந்தது என்பதற்காக மற்றவர்கள் காலணியைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கக் கூடாது. பந்தயக் காலணி, பனியன், கால்சட்டை, காலுறை, கைக்கடிகாரம் ஆகிய ஐந்தும் கைப்பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஓடும்போது ஆற்றலுக்காக உண்ணும் ஜெல் பாக்கெட்டுகளைப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதுவார்கள். பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டர் வரம்பு அவற்றுக்கும் பொருந்தும். ஆகவே பந்தயத்துக்கு வேண்டிய அளவு ஜெல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சியதைத் தூளாக எடுத்துச் செல்லலாம். பந்தயத்தின்போது குடிக்கும் பானத்தை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது பந்தய நாளில் வயிற்றைச் சோதித்துப் பார்ப்பதற்குச் சமம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமான பந்தயங்களைத் தாள்கள்தாம் கெடுக்கின்றன. 2022ஆம் ஆண்டு யூஜின் உலகத் தடகளப் போட்டிக்கு விசா தாமதமானதால், கென்யாவின் 100 மீட்டர் ஓட்டக்காரர் ஃபெர்டினண்ட் ஓமன்யாலா முதல் சுற்றுக்குச் சில மணி நேரம் முன்புதான் வந்து சேர்ந்தார். அந்தச் சுற்றைத் தாண்டியவர் அரையிறுதியுடன் வெளியேறினார். பாஸ்போர்ட் ஒரு தூதரகத்தில் இருக்கும்போது இன்னொரு நாட்டு விசாவுக்கு அதை நீட்ட இயலாது என்பதால், பருவத்தின் எல்லாப் பந்தயங்களையும் ஒன்றாக வைத்து விண்ணப்ப வரிசையை முடிவு செய்யுங்கள். இடையில் விமானம் மாறும் நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே செல்லும். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் உள்ளவர்கள், விமானம் தாமதமாகி இரவு வேறு ஊரில் தங்க நேர்ந்தால், சோதனையாளர்கள் தம்மைக் கண்டுபிடிப்பதற்காக முன்பே கொடுத்த தங்குமிட விவரத்தை அங்கிருந்தே திருத்த வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறுகள் சேர்ந்தால் அதுவே விதிமீறல். களைத்துப்போன ஓட்டக்காரருக்கு இது நினைவில் இராது, உடன் செல்பவர் நினைவூட்ட வேண்டும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில சமயம் வானமே மூடிக்கொள்ளும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வான்வழியை முடக்கியபோது, லண்டன் மாரத்தான் அமைப்பாளர்கள் கிழக்கு ஆப்பிரிக்க ஓட்டக்காரர்களை அழைத்துவரத் தனி விமானம் அமர்த்தினார்கள். பந்தயத்துக்கு 36 மணி நேரத்துக்குள் வந்து இறங்க நேர்ந்தால், இழந்த பயிற்சியைப் பற்றி எண்ணாமல் வழக்கமான சாப்பாடு, மாவுச்சத்து, தூக்கம் ஆகியவற்றை மட்டும் கவனியுங்கள். பந்தயப் பாதையைப் பார்வையிடுவதைக்கூட விட்டுவிடலாம். பந்தயத்துக்கு முந்தைய ஓர் இரவு தூக்கம் கெட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், தொடர்ந்து மூன்று இரவுகள் கெட்டால் கடினம். அத்தகைய நாளில் முதல் 10 கிலோமீட்டரைத் திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று விநாடி மெதுவாக ஓடி, முன்னணிக் குழுவின் பின்புறத்திலேயே இருந்து, உடல் ஒத்துழைப்பதைப் பார்த்தபின் வேகத்தைக் கூட்டுவது நல்லது. காய்ச்சல் அல்லது நெஞ்சுச் சளியுடன் வந்திறங்கியவர் ஓடவே கூடாது.

திரும்பும் சீட்டைப் பந்தய இரவுக்கே போடும் பழக்கத்தையும் விட வேண்டும். மாரத்தான் முடித்த கால்களுடன் நீர்ச்சத்துக் குறைந்து, உடனே பத்து மணி நேரம் மடங்கி உட்கார்வது காலில் ரத்தம் உறைவதற்கு வழிவகுக்கும். ஓர் இரவு தங்கி, நடந்து, உண்டு, மறுநாள் கிளம்புங்கள். ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமோ வலியோ இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.