மேடு நகருமா? லைடார் வேலையில் ஏமாறும் இடங்கள்

விமானத்திலிருந்து லேசர் கதிர் அடித்து மேடுபள்ளத்தை அளப்பதுதான் லைடார். பெங்களூருக்கு அந்த வேலைக்கு வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர், தரையை அளந்த அதே லேசர் ஏரியையும் அளந்துவிடும் என்றுதான் நினைக்கிறார்கள். தரைக்குப் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர். அது தண்ணீருக்குள் போகவே போகாது. ஏரியின் அடி தெரிய 532 நானோமீட்டர் பச்சைக் கதிர் வேண்டும்.

சரி, பச்சை இருந்தால் போதுமா? பெல்லந்தூர் ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், தண்ணீரின் கலங்கல் புரியும். பறப்பதற்கு முன் படகில் போய் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். தட்டு மறைகிற ஆழத்தைப் போல இரண்டு, மிஞ்சினால் மூன்று மடங்குதான் பச்சை லேசர் போகும். அரை அடியிலேயே தட்டு காணாமல் போனால் விமானக் காசை மிச்சம் பிடியுங்கள்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஓர் ஏரி நடுவில் வழவழவென்று மேடு தெரிந்தது, தூர்ந்துபோன இடம் என்று வரைபடத்தில் குறித்தும் விட்டேன். அப்புறம் கரைக்குப் போய்ப் பார்த்தால் மேடு கிழக்கே நகர்ந்திருந்தது! காற்று தள்ளிய ஆகாயத்தாமரை. ஒரே கதிர் வழியில் பல இடங்களில் பட்டுத் துண்டு துண்டாகத் திரும்பும்; அதில் கடைசியாக வந்தது தரையைத் தொட்டுத்தான் வந்திருக்கும் என்பதில்லை. இங்குள்ள தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் ஓடும் ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர் வாய்க்காலிலும் இதே கதைதான்.

தெளிந்த தண்ணீரிலும் ஒரு கணக்கு உண்டு. நீரில் ஒளியின் வேகம் குறைவு, பாதையும் வளையும். திருத்தாமல் விட்டால், நேர் கீழே 4 மீட்டர் ஆழம் 5.3 மீட்டராகக் காட்டும்.

உயரத்தில் இன்னும் பெரிய குழி. ஜிபிஎஸ் தருவது கடல்மட்ட உயரம் அல்ல, பூமியின் வடிவமாகக் கணக்கில் வைத்திருக்கும் நீள்கோளத்திலிருந்து எடுத்த உயரம். பெங்களூரில் இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். பழைய வரைபடத்தின் கடல்மட்ட உயரத்தோடு இதை அப்படியே சேர்த்தால், ஏரிக்கு வரும் வாய்க்கால் பாதாளத்தில் ஓடும். இவ்வளவு பெரிய தப்பு கண்ணில் பட்டுவிடும் என்பது ஒரு ஆறுதல்.

கண்ணில் படாதது, லேசர் ஸ்கேனரை விமானத்தில் பொருத்தியதில் வரும் கோணப் பிழை. 1000 மீட்டர் உயரத்திலிருந்து பறக்கும்போது 0.01 பாகை பிசகினால் தரையில் 17 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். எரிபொருள் மிச்சம் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பறந்த கோடுகளுக்குக் குறுக்கே ஒரு தடவை பறக்காமல் வந்துவிட்டால், அந்தப் பிசகை அப்புறம் பிடிப்பது பெரும்பாடு.