என்கொயரி குவிகிறது, அட்வான்ஸ் வரவில்லை: லீட் பிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதக் கடைசி மீட்டிங். விளம்பரம் பார்ப்பவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "இந்த மாசம் ஒரு லீட் நூறு ரூபாய்க்கு வந்துடுச்சு சார்" என்கிறார். லீட் என்றால் விளம்பரத்தைப் பார்த்துப் பெயரும் நம்பரும் கொடுத்தவர். டெலிகாலர் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டே பேசாமல் இருக்கிறார். பக்கம் பக்கமாக ஆர்என்ஆர், ஆர்என்ஆர் என்றே எழுதியிருக்கிறது. ரிங் போகிறது, ஆள் எடுக்கவில்லை என்று அர்த்தம். முதலாளி கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மாடியில பேனல் ஏறுச்சு?"

வீட்டு மாடியில் சோலார் போட்டுத் தரும் நிறுவனம் ஒன்றுக்கு நான் விளம்பரம் பார்த்தபோது அந்த லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் முறையே மாறியது. மாடுலர் கிச்சன், மனை விற்பனை, கோச்சிங் சென்டர் என்று எந்தத் தொழிலாக இருந்தாலும் இதே கதைதான் நடக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த சோலாரை வைத்தே சொல்கிறேன்.

ஒரு லீட்டின் விலையைப் பார்த்து மகிழ்வது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். கணக்குக்காக இரண்டு விளம்பரங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் செலவு 50,000 ரூபாய். முதலாவதில் லீட் 100 ரூபாய். 500 பேர் வந்து, 5 பேர் வாங்குகிறார்கள். இரண்டாவதில் லீட் 400 ரூபாய். 125 பேர் வந்து, 8 பேர் வாங்குகிறார்கள். ரிப்போர்ட்டில் முதல் விளம்பரம் நாலு மடங்கு மலிவு. ஆனால் ஒரு விற்பனைக்கு அதில் 10,000 ரூபாய் ஆகிறது, இரண்டாவதில் 6,250 ரூபாய்.

ரிப்போர்ட்டில் ஏறாத செலவு ஒன்றும் இருக்கிறது. ஆளுக்கு மூன்று தடவை கூப்பிடுவதாக வைத்தால் 500 பேருக்கு 1,500 கால். ஒரு நாளைக்கு 100 கால் பேசும் டெலிகாலருக்கு அது 15 நாள் வேலை. 125 பேர் என்றால் நாலே நாளில் முடியும். மிச்ச நாட்களில் கொட்டேஷன் வாங்கிவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்களிடம் அவர் நிதானமாகப் பேசலாம். மலிவு லீட் விளம்பரக் காசைத் தின்பதைவிட அதிகமாக, நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்க வேண்டிய நேரத்தைத் தின்கிறது.

அதனால் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் இருக்க வேண்டியது வந்த பணம். லீட், தகுதியான லீட், சைட் விசிட், கொட்டேஷன், அட்வான்ஸ் என்று ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர், ஒரு படி தாண்ட எவ்வளவு செலவு என்று ஒரே ஷீட்டில் போடுங்கள். எக்செல் போதும், பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. விற்பனை எண்ணிக்கையோடு லாபத்தையும் எழுதுங்கள். 2 கிலோவாட் வீடும் 10 கிலோவாட் வீடும் ஒரே "1" ஆகக் கணக்கில் ஏறினால் எந்த விளம்பரம் சோறு போடுகிறது என்று தெரியாமலே போகும்.

ஏஜென்சிக்கு லீட் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் அவர்கள் லீட்டைத்தான் கொடுப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முடிந்த சைட் விசிட்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பாருங்கள், விளம்பரத்தின் வாசகமே மாறிவிடும்.

"இலவசம்" என்று கத்துவது

"ஜீரோ கரண்ட் பில்! அரசு தரும் இலவச சோலார்!" இந்த மாதிரி விளம்பரத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். இதைப் பார்த்துப் படிவம் நிரப்புகிறவர் அரசாங்கமே வந்து பேனல் மாட்டித் தரும் என்று நம்பித்தான் நிரப்புகிறார். உண்மை வேறு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கான மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் உச்சபட்சம் 78,000 ரூபாய். பேனல் போட்டு, மீட்டர் மாற்றி, சோதனை முடிந்த பிறகுதான் அது வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை கைப்பணமோ கடனோ அவர்தான் புரட்ட வேண்டும்.

இதை முதல் போன் காலில்தான் சொல்கிறோம் என்றால், அந்தக் காலின் மறுமுனையில் இருப்பவர் ஏமாந்த மனிதர். "இலவசம்னு போட்டிருந்தீங்களே?" என்ற கேள்வியை ஒரு நாளைக்கு அறுபது தடவை வாங்குவது டெலிகாலர். அந்த வேலையில் யாரும் நிலைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மொத்த விலை இவ்வளவு, மானியம் 78,000, அது பிறகு உங்கள் கணக்கில் வரும், முதலில் நீங்கள் போட வேண்டியது இவ்வளவு என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். லீட் பாதியாகக் குறையலாம். குறைந்து போகிறவர்கள் எப்படியும் வாங்கப்போவதில்லை.

படிவத்தை வழுக்கிக்கொண்டு போகும்படி வைப்பது

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வரும் உடனடிப் படிவம் பெயரையும் போன் நம்பரையும் அவரவர் புரொஃபைலில் இருந்து தானே நிரப்பிக்கொள்ளும். பல பேரின் புரொஃபைலில் இருப்பது எப்போதோ விட்டுவிட்ட சிம்மின் நம்பர். விரல் இரண்டு தடவை தட்டினால் லீட் ஆகிவிடுகிறது. தட்டினவருக்கே தான் தட்டியது ஞாபகம் இருக்காது. "நான் எதுவும் கேக்கலியே" என்று போனில் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

படிவம் அமைக்கும்போது, இவ்விரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனமே தரும் வழிகளில் இரண்டைக் கவனியுங்கள்: எண்ணிக்கை அதிகம் வரும் வகை, நாட்டம் அதிகமுள்ளவர் வரும் வகை. இரண்டாவதில், கொடுத்த விவரங்களைச் சரிபார்த்து உறுதிசெய்யும் படி ஒன்று கூடுதலாக வரும். அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு, தானே நிரம்பாத கேள்விகள் இரண்டு மூன்று சேருங்கள்.

என்ன கேள்வி என்பதில்தான் தொழில் தெரிந்தவரின் கை தெரியும். சோலாருக்கு முதல் கேள்வி: "கடைசி ஈபி பில் எவ்வளவு வந்தது?" தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. 2016இல் வந்த 100 யூனிட் இலவசத்துக்குப் பிறகு, சிக்கனமாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு பில் பெரிதாக வருவதில்லை. அவருக்கு சோலார் போட்டால் போட்ட காசு திரும்பப் பல வருடம் ஆகும். வாங்கச் சொல்லி நச்சரிப்பது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. இரண்டு ஏசி ஓடி, 500 யூனிட்டைத் தாண்டி, ஸ்லாப் (கட்டண அடுக்கு) மாறி பில் எகிறும் வீட்டுக்காரருக்கு இது உண்மையான வலி. பில் தொகை ஒன்றே பாதி வடிகட்டிவிடும்.

இரண்டாவது கேள்வி: சொந்த வீடா, வாடகையா, அபார்ட்மென்ட்டா? அபார்ட்மென்ட்டில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அங்கே ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. மூன்றாவது கேள்வி: எப்போது போட எண்ணம்? இதற்கு மேல் கேட்க வேண்டாம். பத்துக் கேள்வி வைத்தால் வாங்கக்கூடியவரும் பாதியில் விட்டுப் போய்விடுவார். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் சைட் விசிட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கூகுளில் தேடல் விளம்பரம் ஓட்டுகிறவர்கள் தேடல் சொற்களின் பட்டியலை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். சோலார் வேலைவாய்ப்பு, சோலார் டிரெய்னிங், மானிய ஸ்டேட்டஸ் என்று தேடினவர்களுக்கெல்லாம் உங்கள் காசு போய்க்கொண்டிருக்கும். அந்தச் சொற்களை விலக்குப் பட்டியலில் போடுங்கள். விளம்பரம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இட அமைப்பையும் கவனியுங்கள். இயல்பாக இருக்கும் அமைப்பில், ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டினவர்களும் சேர்ந்து வருவார்கள். உங்களுக்கு யார் வேண்டும் என்று முடிவெடுத்து மாற்றுங்கள்.

இயந்திரத்துக்குத் தப்பான பாடம் சொல்லிக்கொடுப்பது

பலரும் கவனிக்காதது இது. கூகுளோ மெட்டாவோ, நீங்கள் எதை வெற்றி என்று சொல்கிறீர்களோ அதைச் செய்யக்கூடிய ஆட்களைத்தான் தேடிப் பிடிக்கும். படிவம் நிரப்புவதே வெற்றி என்று சொல்லிவிட்டால், எந்த விளம்பரம் வந்தாலும் படிவம் நிரப்பும் பழக்கம் உள்ளவர்களை அது கொண்டுவந்து குவிக்கும். லீட் விலை மாதாமாதம் குறையும், தரமும் கூடவே குறையும். இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

யார் வாங்கினார்கள் என்ற செய்தியைத் திருப்பி அனுப்புவதுதான் இதற்கு வழி. கூகுள் விளம்பரத்தை ஒருவர் தட்டும்போது ஜிசிஎல்ஐடி என்ற அடையாளக் குறி இணைய முகவரியோடு வரும். அதை லீட்டோடு சேமித்து வைத்து, பிறகு அட்வான்ஸ் வந்ததும் கூகுளுக்குத் திருப்பி ஏற்றலாம். தட்டிய நாளிலிருந்து 90 நாள் வரை இதற்கு இடமிருக்கிறது. மெட்டாவில் கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ என்ற வசதி மூலம் இதையே செய்யலாம்.

சிறிய நிறுவனங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு விளம்பரத் தொகுதி கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்ட வாரத்துக்குச் சுமார் 50 நிகழ்வுகள், அதாவது நீங்கள் வெற்றி என்று சொன்ன செயல்கள், வேண்டும் என்கிறது மெட்டா. மாதம் எட்டு வீடு முடிக்கிற நிறுவனத்திடம் அத்தனை விற்பனைக்கு எங்கே போவது? அட்வான்ஸை மட்டும் அனுப்பினால் பசிக்குப் பத்தாது. நடுப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பேசிப் பார்த்ததில் பில் 5,000க்கு மேல், சொந்த வீடு என்று உறுதியானவர்களை "தகுதியான லீட்" என்று திருப்பி அனுப்பலாம். வாரம் 50 வராவிட்டாலும், வெறும் படிவத்தைவிட அது எவ்வளவோ நல்ல பாடம்.

இதற்கு முதல் தேவை, டெலிகாலர் ஷீட்டில் உண்மையை எழுதுவது. "நாட் இன்ட்ரஸ்டட்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை எழுதினால் பயனில்லை. வாடகை வீடா, விலை அதிகம் என்றாரா, வேறு ஆளிடம் போட்டுவிட்டாரா, நம்பரே தப்பா? இந்தக் காரணங்களைப் பட்டியலாகக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் விளம்பரம் பார்ப்பவரும் டெலிகாலரும் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து கால் ரெக்கார்டிங் கேட்டால் போதும். நான் கற்றதில் பெரும்பகுதி அந்த அரை மணி நேரங்களில் கற்றதுதான்.

ஆறிப்போன பிறகு கூப்பிடுவது

சனிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்து, பில்லைப் பார்த்து எரிச்சலாகி ஒருவர் படிவம் நிரப்புகிறார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு யாரோ ஃபைலை டவுன்லோட் செய்து கூப்பிடுகிறார்கள். அதற்குள் அவர் வேறு இரண்டு பேரிடம் பேசியிருப்பார்.

2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் வந்த ஆய்வு ஒன்று இதை எண்ணில் காட்டியது. 2,241 அமெரிக்க நிறுவனங்களைச் சோதித்ததில் 23 சதவீதம் பதிலே தரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்றவர்களுக்கு, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட முடிவெடுக்கிறவரோடு உருப்படியாகப் பேச ஏறக்குறைய ஏழு மடங்கு வாய்ப்பு இருந்தது. நாடு வேறு, காலம் வேறு. ஆனாலும் இங்கே நான் பார்த்ததும் அதே திசையில்தான் இருக்கிறது.

தெரியாத நம்பரை இன்று யாரும் எடுப்பதில்லை. முதலில் வாட்ஸப்பில் நிறுவனத்தின் பெயர், அவர் நிரப்பிய விவரம், அவர் ஊரிலேயே நீங்கள் போட்ட ஒரு மாடியின் படம் ஆகியவற்றை அனுப்பிவிட்டு, பிறகு கூப்பிடுங்கள். ஆர்என்ஆர் கண்கூடாகக் குறையும். பத்தாயிரம் நம்பர் கொண்ட டேட்டாவை விலைக்கு வாங்கிக் கூப்பிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். உங்களை யாரென்றே தெரியாதவரைத் தொந்தரவு செய்வது அது. ஒப்புதல் இல்லாமல் பிறர் விவரங்களைப் பயன்படுத்துவதற்கு எதிராக 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

நல்லதையும் சேர்த்துக் கொட்டிவிடுவது

தரம் தரம் என்று பேச ஆரம்பித்ததும் சிலர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார்கள். ஒருமுறை +971 என்று தொடங்கும் துபாய் நம்பர் ஒன்று லீட்டில் வந்தது. "வெளிநாட்டு நம்பர், ஜங்க்" என்று ஷீட்டில் எழுதி ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங் கேட்கும்போது அந்த நம்பரின் கால் இல்லை என்று கவனித்து, மெசேஜ் போடச் சொன்னேன். வீடு தஞ்சாவூர்ப் பக்கம், ஈபி இணைப்பு அப்பா பெயரில், பணம் கட்டுவது மகன். நம் ஊரில் படிவம் நிரப்புகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் ஒருவர் என்று இருப்பது சாதாரணம். "முடிவெடுக்கிறவர் நீங்கதானா?" என்று கேட்டு, இல்லை என்றதும் வைத்துவிட்டால் அந்த வீடு போயிற்று. "அப்பாகிட்ட எப்ப பேசலாம்?" என்று கேட்க வேண்டும்.

"ஆடி போகட்டும், பாத்துக்கலாம்" என்பதும் அப்படித்தான். டெலிகாலர் அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொண்டு மூடிவிடுவார். பல வீடுகளில் அது மெய்யான பதில், ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். அந்த வரிக்கு எதிரே காரணமாக "ஆடி" என்றும், அடுத்து கூப்பிட வேண்டிய நாளாக ஆவணி முதல் வாரத்தில் ஒரு தேதியும் எழுதப்பட வேண்டும். அவருடைய அடுத்த ஈபி பில் எந்த மாதம் வரும் என்பதையும் பக்கத்தில் குறித்துவைத்தால், கூப்பிடும்போது பேச்சை எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டாம்.