மிஷினுக்கு முன்னால் நீங்கள் போங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தேங்காய் நார் மில். அதே தொழிலை கென்யாவின் கிலிஃபி கடற்கரையில், ஊர்ப் பெண்களோடு பங்கு போட்டுத் தொடங்கினேன். அப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மிஷினைக் கப்பல் ஏற்றும் முன் ஒரு மாதம் சும்மா போய் இருங்கள்.

பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமூ' என்று வணங்குங்கள். 'மரஹபா' என்று பதில் வந்த பிறகுதான் பேச்சு. நம் ஊரில் தண்ணி குடிக்கச் சொல்லாமல் விஷயத்துக்கு வருவோமா? அப்புறம் அங்குள்ள 'சீஃப்' எனும் அரசு ஊர் அதிகாரியிடம் சொல்லி 'பராசா' எனும் ஊர்க்கூட்டத்தில் நில்லுங்கள். லாபம் யாருக்கு என்று நேராகவே கேட்பார்கள். மழுப்பாதீர்கள்.

நான் சறுக்கியது ஓலையில். தோப்பில் கிடந்ததைக் குப்பை என்று நினைத்து எரிக்கச் சொல்லிவிட்டேன். அதை 'மகுட்டி' என்று கட்டிக் கூரை வேய்கிறார்கள், விற்கிறார்கள். தடுக்குப் பின்னும் ஊர்க்காரன், எனக்கே உறைக்கவில்லை! வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஓலைக்குக் காசும் கொடுத்தேன்.

கூலியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். எம்-பெசா என்ற போன் பணச் சேவை 2007 முதல் இருக்கிறது, போனிலேயே அனுப்பலாம். பெண்கள் 'சாமா' என்ற சேமிப்புக் குழுவில் பணம் கட்டும் நாளுக்கு முன்பே கூலி சேர வேண்டும். நம்ம ஊர் சீட்டு மாதிரிதான். தவணை தவறினால் அவர்கள் பேர் கெடும், அப்புறம் உங்கள் பேர்.